80 ரூபாய்ச் சம்பளத்து ஓவியர் படமெடுத்த கதை

உங்கள் வீட்டில் படம் வரைகிற பிள்ளை இருக்கிறதா? கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ரஜினியின் முகத்தையும், கோயில் திருவிழா நோட்டீசில் இருக்கும் மாரியம்மனையும் பார்த்துப் பார்த்து வரைந்து வைக்கிற பிள்ளை? கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை - இந்த வட்டாரத்து லயங்களிலும், லயத்தை விட்டு வந்த தாமான் வீடுகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? போய்ப் பாடத்தைப் படி!" என்கிறோம். அப்படிச் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பிள்ளையை வளர்த்தவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும்.

ஆனாலும் வாசக அன்பர்களே, அதே கேள்வியைச் சந்தித்த ஒரு தாயையும் மகனையும் பற்றி இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். மகன் விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிற வேலைக்குப் போனவர். பிறகு சொந்தச் சேமிப்பைப் போட்டுத் தாமே ஒரு திரைப்படம் எடுத்தவர். உலகமே எழுந்து நின்று வணங்கிய அந்தக் கலைஞரின் பெயர் சத்யஜித் ரே.

தையல் கற்றுக்கொடுத்த தாய்

1921-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார் ரே. தாத்தா உபேந்திரகிஷோர் அச்சுத் தொழிலில் பெரும் நிபுணர். படங்களைத் தெளிவாக அச்சிடும் முறைகளை ஆராய்ந்தவர். 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ரே குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் வங்காளம் முழுவதும் புகழ்பெற்றவர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே அச்சகம் இருந்தது. குழந்தை சத்யஜித் மையின் வாசனையிலேயே வளர்ந்தார் எனலாம்.

அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 'காலா அசார்' என்னும் கொடிய காய்ச்சல் 1923-இல் தந்தையைக் கொண்டுபோயிற்று. அப்போது சத்யஜித்துக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் நொடித்துப்போனது. வீட்டையும் விட வேண்டியதாயிற்று. விதவையான தாய் சுப்ரபா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தம் சகோதரர் வீட்டுக்குப் போனார்.

அண்ணன் தம்பி வீடே ஆனாலும் கையேந்தி நிற்க அந்தத் தாய்க்கு மனமில்லை. விதவைப் பெண்களுக்கான ஒரு பள்ளியில் தையல் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார். மகனைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். பொருளாதாரத்தில் பட்டம் பெற்ற மகனை, "சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியம் கற்றுக்கொள்" என்று 1940-இல் அனுப்பி வைத்ததும் அவர்தான். மகனுக்கு முதலில் அதில் அவ்வளவு விருப்பமில்லை. தாயின் பிடிவாதமே வென்றது.

அங்கே நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி என்ற இரு பெரும் ஓவியர்கள் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தார்கள். அஜந்தா, எல்லோரா என்று நாட்டின் பழைய கலைச் செல்வங்களையும் நேரில் போய்ப் பார்த்து வந்தார் ரே.

முதல் சம்பளம்

1943-இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. விளம்பரத்தில் படம் எங்கே வரவேண்டும், எழுத்து எங்கே வரவேண்டும், எதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று வரைந்து கொடுக்கும் இளநிலை ஓவியர் வேலை. சம்பளம் மாதம் 80 ரூபாய்! அங்கேயும் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். தோட்டத்துத் துரைமார்களையும் கிராணிமார்களையும் அறிந்த நமக்கு இது புதிதல்லவே!

அங்கே அவர் வரைந்தவற்றில் மலேரியாக் காய்ச்சலுக்கான 'பாலுட்ரின்' மாத்திரை விளம்பரமும் ஒன்று. மலேரியாவுக்குப் பயந்து பயந்து தோட்டத்தில் காலம் கழித்த நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மாத்திரையின் பெயர் அவர்களுக்கு நினைவிருக்கலாம்.

அதே காலத்தில் சிக்னெட் பிரஸ் என்ற புத்தக நிறுவனத்துக்கும் அட்டைப்படம் வரைந்தார். நேரு எழுதிய 'டிஸ்கவரி ஆப் இந்தியா' நூல் 1946-இல் அங்கிருந்து வெளிவந்தபோது அதன் அட்டையை அமைத்தவர் ரேதான். பெரிய புத்தகத்தைப் படித்து, அதன் சாரத்தை ஒரே படத்தில் சொல்லிவிட வேண்டும். அதுதான் அட்டைப்பட ஓவியரின் வேலை.

அந்த வேலையே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. விபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்ற நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டார்கள். அதற்குப் படம் வரையும் பொறுப்பு ரேயிடம் வந்தது. ஏழைக் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் கதை அது. அப்பு என்ற சிறுவன், அவன் அக்கா துர்கா, வறுமையோடு போராடும் தாய், எப்போதும் நல்ல காலத்தை எதிர்பார்த்திருக்கும் தந்தை, பல்லில்லாத ஒரு பாட்டி. படம் வரைய வரைய, "இதைத் திரைப்படமாக எடுத்தால் என்ன?" என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்துவிட்டது.

தயாரிப்பாளர்கள் கை விரித்தார்கள்

1947-இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1949-இல் பிஜோயாவைக் கைப்பிடித்தார். 1950-இல் கம்பெனி அவரை லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. ஆறு மாதத்தில் அங்கே ஏறக்குறைய 100 படங்கள் பார்த்தார். அவற்றில் ஒன்று 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம். வேலைக்குத் தேவையான சைக்கிளைத் திருட்டுக்கொடுத்த ஓர் ஏழைத் தொழிலாளியும் அவன் மகனும் தெருத் தெருவாக அதைத் தேடி அலைவதுதான் கதை. பெரிய நடிகர்கள் இல்லை. மாளிகை போன்ற செட்டுகள் இல்லை. இப்படியும் படமெடுக்கலாம் என்ற துணிவு அவருக்குப் பிறந்தது.

ஊர் திரும்பியதும், விளம்பரத்துக்கு வரைவதைப் போலவே, காட்சி காட்சியாகப் படம் வரைந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பினார். அதைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்களைத் தேடிப் போனார். புரட்டிப் பார்த்தவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். பாட்டு எங்கே? ஆட்டம் எங்கே? ஒருவரும் பணம் போட முன்வரவில்லை.

மாடுகள் தின்ற காட்சி

சரி, நாமே தயாரிப்போம் என்று முடிவு செய்தார் ரே. தம் காப்புறுதிப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கினார். உறவினர் நண்பர்களிடமும் கொஞ்சம் வாங்கினார். 1952 அக்டோபர் 27-ஆம் தேதி படப்பிடிப்பு தொடங்கியது.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை! நடித்தவர்களிலும் பலர் புதியவர்கள். அப்புவாக நடித்த சிறுவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பிஜோயா. அக்கம்பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பையன் அவர் கண்ணில்தான் முதலில் பட்டான்.

முதல் காட்சி எது தெரியுமா? அக்காவும் தம்பியும் வெள்ளை நாணல் பூத்த வெளியில் ஓடி, வாழ்க்கையில் முதன்முதலாக ரயிலைப் பார்க்கும் காட்சி. நம் தோட்டத்து ஓரங்களில் லாலாங் புல் வெள்ளை வெளேரென்று பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதைப் போன்ற இடம்தான். பாதிக் காட்சியை எடுத்துவிட்டு, மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று வீடு திரும்பினார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் வெளி மொட்டையாகக் கிடந்தது! ஊர் மாடுகள் பூவோடு புல்லையும் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் நாணல் பூக்கும் பருவம் வரும்வரை அந்தக் காட்சிக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

அது ஏன் ஞாயிற்றுக்கிழமை? இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ரே வேலையை விடவில்லை! வாரநாளில் விளம்பரக் கம்பெனி, விடுமுறையில் படப்பிடிப்பு. வீட்டுக்கு அரிசி வாங்கும் சம்பளத்தைக் கைவிட்டுவிட்டு அவர் கனவின் பின்னால் ஓடவில்லை.

நகை அடகுக்குப் போனது

கையிலிருந்த பணம் கரைந்தது. பாடுபட்டுச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார், புத்தகங்களையும் விற்றார். அதுவும் போதவில்லை. கடைசியில் பிஜோயாவின் நகைகள் அடகுக்கடைக்குப் போயின.

தாய்மார்களே, பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் கழுத்திலும் கையிலும் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்துப் பழகியவர்கள் நீங்கள். அந்தப் பெண்ணின் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருவரும் வாங்க முன்வராத படத்துக்காக, திரும்ப வரும் என்ற உறுதி எதுவும் இல்லாத பணத்துக்காக அவர் அதைக் கொடுத்தார்.

நகைப் பணமும் தீர்ந்தது. ஏறக்குறைய ஓராண்டு படப்பிடிப்பே நின்றுபோயிற்று. அந்த நாட்களில் ரேயை வாட்டிய பயங்கள் மூன்று. அப்புவின் குரல் உடைந்துவிடுமோ? துர்கா வளர்ந்து பெரியவளாகிவிடுவாளோ? பாட்டியாக நடித்த, 80 வயதை எட்டிய சுனிபாலா தேவி அதற்குள் காலமாகிவிடுவாரோ? நல்லவேளை, மூன்றும் நடக்கவில்லை.

சாலைக் கணக்கில் ஒரு திரைப்படம்!

இந்தச் சமயத்தில் மீண்டும் கைகொடுத்தவர் தாய் சுப்ரபா. தமக்குத் தெரிந்த ஒரு பெண்மணி மூலம் மகனின் செய்தியை மேற்கு வங்காள முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராயின் காதுக்கு எட்டச் செய்தார். எடுத்த வரைக்கும் படத்தைப் பார்த்த முதலமைச்சர் உதவ இசைந்தார்.

அரசாங்கப் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? 'பதேர் பாஞ்சாலி' என்றால் 'பாதையின் பாட்டு' என்று பொருள். பெயரில்தான் பாதை இருக்கிறதே! சாலைச் சீரமைப்புக் கணக்கில் பணம் வந்தது. கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் படத்தைக் கரையேற்றியது அந்தப் பணம்தான். அதற்குப் பதிலாகப் படத்தின் உரிமை அரசாங்கத்துக்குப் போயிற்று. மூன்றாண்டு உழைப்புக்குக் கொடுத்த விலை அது.

ரவிசங்கர் ஓர் இரவு அமர்வில் இசையமைத்துக் கொடுத்தார். இரவு பகலாக வேலை செய்து படப்பெட்டியை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். 1955 மே 3-ஆம் தேதி அந்நகரின் நவீனக் கலைக்கூடத்தில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஆகஸ்ட் 26-ஆம் தேதி கல்கத்தாவில் திரைக்கு வந்தது. முதல் இரண்டு வாரம் கூட்டம் குறைவு. பிறகு பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்ல, கொட்டகை நிரம்பி வழிந்தது. இந்தியாவின் சிறந்த படம் என்று குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1956-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'மனித வாழ்வின் சிறந்த ஆவணம்' என்ற பரிசும் வந்தது.

தாயைத் தனியே விட்டுச் சென்ற மகன்

இந்த வெற்றிக்குப் பிறகே ரே விளம்பர வேலையை விட்டார். அடுத்த பாகமான 'அபராஜிதோ'வை எபிக் பிலிம்ஸ் என்ற பெயரில் தாமே தயாரித்தார். மகன் பட்டணத்துக்குப் படிக்கப் போகிறான். தாய் கிராமத்தில் தனியே காத்திருக்கிறாள். விடுமுறைக்கு வரும் மகனுக்குப் பட்டணமே பெரிதாகத் தெரிகிறது. கோலாலம்பூருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் தாய்மாருக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். கல்கத்தாவில் அந்தப் படம் ஓடவில்லை. ஆனால் 1957-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதை வென்று வந்தது.

ஓவியர் வேலையை விட்டாலும் ஓவியம் அவரை விடவில்லை. தம் படங்களின் சுவரொட்டிகளையும் தலைப்பு எழுத்துகளையும் தாமே வரைந்தார். ஆடை, அரங்கம் எல்லாவற்றையும் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகளில் முதலில் வரைந்து பார்ப்பார். அவர் அமைத்த ஆங்கில எழுத்து வடிவங்களில் ஒன்றுக்கு 'ரே ரோமன்' என்று அவர் பெயரே வழங்குகிறது. தாத்தா தொடங்கி நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை 1961-இல் மீண்டும் தொடங்கி, அதற்கும் கதை எழுதினார், படமும் போட்டார்.

தமிழர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நம் பரதக்கலை மேதை பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படத்தை 1976-இல் எடுத்தவர் ரேதான். 14 வயதில் கல்கத்தாவில் பாலாவின் நாட்டியத்தைப் பார்த்து வியந்த சிறுவன், 40 ஆண்டு கழித்துக் கேமராவோடு அவர் முன் வந்து நின்றார்.

1992-இல் ஆஸ்கார் கௌரவ விருது, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ரேயைத் தேடி வந்தது. பாரத ரத்னாவும் அதே ஆண்டில்தான். ஏப்ரல் 23-ஆம் தேதி அவர் மறைந்தார்.

நம் பிள்ளைகளுக்கும் இடமுண்டு

"அவர் பெரிய குடும்பத்துப் பிள்ளை, நம்மால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓவியத்திலிருந்து படத்துறைக்கு வந்தவர் ரே மட்டும் அல்ல. பம்பாயில் சினிமாத் தட்டிகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர் ஓவியர் எம்.எப். உசேன், 1967-இல் அவர் எடுத்த குறும்படம் பெர்லின் விழாவில் பரிசு பெற்றது. நாமெல்லாம் பார்த்து மகிழ்ந்த 'தேவர் மகன்' படத்தை 1992-இல் இயக்கிய பரதன், மலையாளப் படங்களில் கலை இயக்குநராகத் தொடங்கியவர். ரஜினியின் மகள் சௌந்தர்யா, படங்களுக்கு வரைகலை அமைப்பவராகத் தொடங்கி, 'கோவா' (2010) படத்தின் தயாரிப்பாளராகி, 'கோச்சடையா'னை (2014) இயக்கினார்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' என்ற படமாக எடுத்தார். 2015-இல் வெளிவந்த அந்தத் தமிழ்ப் படம், 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. நம் லயத்துக் கதையைச் சொல்லவும் ஆள் வந்துவிட்டது என்று அன்று எத்தனை பேர் மகிழ்ந்தோம்!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ரே நகையை அடகு வைத்தார் என்பதற்காக நீங்களும் அவசரப்பட்டு அடகுக்கடை ஏறிவிடாதீர்கள். அந்த நகைக்கு முன்னால் இரண்டரை ஆண்டு ஓவியப் பயிற்சி இருந்தது. அதற்குப் பிறகு, படப்பிடிப்பு தொடங்குமுன் ஒன்பது ஆண்டு கம்பெனி வேலை இருந்தது. சோறு போட்டதும் ஓவியம்தான். படமெடுக்கக் கற்றுக்கொடுத்ததும் ஓவியம்தான். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்ற கேள்விக்கு ரேயின் வாழ்க்கை தரும் பதில் இதுவே: கிடைக்கும், முறையாகக் கற்றுக்கொண்டு அதையே தொழிலாகச் செய்தால்!

இன்று கடைப் பலகை, பொட்டல உறை, புத்தக அட்டை, கைப்பேசியில் ஓடும் விளம்பரம் எல்லாவற்றுக்கும் வரைகலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். தொழிற்கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அதற்கான படிப்புகள் இருக்கின்றன. பிள்ளை ஐந்தாம் படிவம் முடிக்குமுன்பே பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் போய்க் கேளுங்கள். பிள்ளை வரைந்த தாள்களைக் குப்பையில் போடாமல், ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் "என்ன வரைந்திருக்கிறாய்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட அது உதவும்.